ஆவுடையப்பனின் சொந்த ஆர்வங்கள்

செவ்வாய்க் கிரகத்துப் பல்கலைக்கழகத்தில் பொய் எழுத முடியாது. காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் பதித்த ஆர்வமானி, மனம் எதில் ஒட்டுகிறது என்று நாள் முழுக்க அளக்கும். ஒத்துவராததை எழுதினால் அந்த வரியை அடித்துவிடும்.

ஆவுடையப்பன் அங்கே கோட்பாட்டு இயற்பியலில் முனைவர் பட்டத்துக்கு வந்தவன். கணக்கையெல்லாம் இயந்திரமே போட்டுவிடுகிறது. பிறகு மனுஷன் எதற்கு? பேராசிரியருக்குப் பேச்சுத்துணைக்கு. இதற்கு இவ்வளவு படிப்பு. அதனால் மாணவனின் அறிமுகப் பக்கத்தில் படிப்பை யாரும் பார்ப்பதில்லை. கீழே உள்ள சொந்த ஆர்வங்களைப் பார்த்துத்தான் சேர்ப்பார்கள். பூமிக்கப்பல் கிளம்புவதற்குள் எந்தப் பேராசிரியரும் எடுக்காவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். கப்பல் நாளைக்கு.

"மலையேற்றம்" என்று எழுதினான்.

"ஏறிய மலை எதுவும் பதிவில் இல்லை" என்றது ஆர்வமானி.

"கர்நாடக இசை."

"கேட்டபோதெல்லாம் உறங்கியிருக்கிறீர்கள்."

"புத்தகம்?"

"அட்டை மட்டும்."

"அப்போ இயற்பியல்னே போடு."

"அதையும் அளந்திருக்கிறேன். வேண்டாம், விடுங்கள்."

அறைத்தோழன் லூர்து சிரித்தான். குவளையில் ஒரு மிளகாய்ச் செடி வளர்த்து, 'தோட்டக்கலை' என்று போட்டு இடம் வாங்கியவன். "ஏல, உள்ளதச் சொல்லித் தொலையேன்."

"உள்ளது என்னன்னு எனக்கே தெரியலலே. ஏ மெஷினு, நீயே எழுது."

அது எழுதியது: 'பிறருடைய அறிமுகப் பக்கங்களைப் படித்து வயிறெரிவது.' எழுதிய கையோடு எல்லாருக்கும் அனுப்பியும்விட்டது.

ஆவுடையப்பன் பெட்டி கட்டினான். கடைசிச் சட்டையை மடிக்கும்போது பேராசிரியர் ருக்மாங்கதன் சுவர்த்திரையில் வந்தார்.

"தம்பி, நானும் தினம் எல்லார் பக்கத்தையும் படிக்கிறவன்தான். ஒருத்தன் பனிச்சறுக்கு, ஒருத்தன் வயலின். மனுஷனுக்குத் தூக்கம் வருமா? ஒம் பக்கம் ஒண்ணுதான் எனக்கு வயித்தெரிச்சல் இல்லாமப் படிக்க முடிஞ்சுது. பெட்டியப் பிரி."

கப்பல் அவனில்லாமல் போயிற்று.

சேதி பரவியது. அடுத்த வாரம் கழகத்து மாணவர்கள் எல்லாருடைய பக்கத்திலும் அதே ஆர்வம் ஏறியிருந்தது. இவனைப் பார்த்து எழுதியதுதான். ஆர்வமானி ஒன்றைக்கூட அடிக்கவில்லை.

ஆவுடையப்பன் சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு ஒவ்வொரு பக்கமாகப் படித்தான். பாவிகள், இவனைவிட நன்றாக எழுதியிருந்தார்கள்.