தெரியாமல் உதித்த நிலா

"லைட்டை அணைங்க சார்."

மொட்டைமாடிக் கதவருகே நின்றவன் திரும்பினான். தோளில் துவைத்த வெள்ளைக் கோட்டுகள். இரண்டாம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்த பல் டாக்டர்.

"இருட்டிட்டு வருதே. அணைச்சா கொடி சரியாத் தெரியாதே..."

"இன்னைக்கு கிரகணம். கோட்டு நாளைக்குக் காயட்டும்."

சொன்ன பிறகுதான் தன் குரல் அவளுக்கே உறைத்தது. முன்பின் தெரியாத ஆணிடம் அவள் இவ்வளவு பேசியதே இல்லை. அவன் சிரித்தான். கண்கள்தான் முதலில் சிரித்தன... விளக்கு அணைந்தது.

சூரியன் மறையும்போதே நிலா முழுக் கிரகணத்தோடு உதிக்கும் என்று சொல்லி, மொத்தக் குடியிருப்பையும் மாடிக்கு வரவழைத்தவள் அவள். அப்பாவும் வந்திருந்தார். வானியல் மேற்படிப்பு என்றதும், படித்தவரை போதும் என்று முடித்துவிட்டவர். ஒருமுறை கண்ணால் பார்த்தால் மனம் மாறுவார் என்று நம்பினாள்.

கிழக்கே சாம்பல் நிற வானம். நிலா இல்லை.

நிலாவுக்கு இன்று லீவு போல என்றான் அண்ணன். அடுப்பில் பால் இருப்பது அண்ணிக்கு நினைவு வந்தது. ஒவ்வொருவராக இறங்கினார்கள். அப்பா ஒருமுறை செருமிவிட்டுப் படியிறங்கினார். அதுதான் வலித்தது.

டாக்டர் மட்டும் போகவில்லை.

"பாவம் பார்த்து யாரும் நிக்க வேண்டாம்," என்றாள் திரும்பாமல்.

"பாவமெல்லாம் இல்ல. எனக்கும் ஒண்ணும் தெரியலதான். ஆனா கணக்குப் போட்ட நீங்க அசையாம நிக்கறீங்களே... நான் எதை நம்பி இறங்கறது?"

அவள் தலை தானாக நிமிர்ந்தது. ஆமாம்... கணக்கு சரி.

மாலை வெளிச்சம் மெல்ல வடிந்தது. எதிர்க் கட்டடத்துக்கும் மேலே, நல்ல உயரத்தில், செம்பு நிறத்தில் ஒரு வட்டம் துலங்கியது. எப்போதோ உதித்துவிட்டிருந்தது. அதை மறைத்தது இருட்டு அல்ல. வானத்தில் மிச்சமிருந்த வெளிச்சம்.

அவன் கோட்டுகளைக் கைப்பிடிச் சுவரில் போட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தான்.

அவள் படிக்கட்டுக்குப் போய் ஒரே ஒரு முறை கூப்பிட்டாள். "அப்பா... மேல வாங்க."

கெஞ்சல் இல்லாத குரல். கீழே கதவு திறந்தது. செருப்புச் சத்தம் படியேறத் தொடங்கியது.

அவள் அவனருகே வந்து நின்றாள். பார்வை மட்டும் நிலாவில்.

"அப்பா வர்றதுக்குள்ள சொல்லிடறேன். நிலா தெரியாமலே போயிருந்தாலும்... உங்களைப் பிடிச்சுத்தான் இருந்திருக்கும்."