ஈரம் காயாத இறக்கை

முதல்நாள் காய்ந்திருந்த இடது இறக்கை அன்று மத்தியானம் ஈரமாக இருந்தது.

கூட்டுறவுச் சங்கத்தில் கிளாக்கராக இருந்த மரியநாயகம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவர், கை கழுவுமுன் அறைக்குள் எட்டிப் பார்த்தார். மேசையில் விரித்த பழைய பத்திரிகையின் மேல் ஒரு முழ நீளத்துக்கு அந்தப் பிளாஸ்ரிக் மிக் விமானம் கிடந்தது. யன்னலால் விழுந்த வெயிலில் அதன் மூக்கும் வாலும் கண் கூசும்படி பளபளத்தன. இறக்கை உடலோடு சேரும் பொருத்து நெடுக ஈக்கள் வரிசையாக இருந்தன. ஒன்றும் அசையவில்லை. தலை குனிந்து குடித்துக்கொண்டிருந்தன.

கைலேஞ்சியால் அவற்றைக் கலைத்துவிட்டுப் பொருத்தைத் துடைத்தார். மஞ்சளாக ஒரு கோடு இழுபட்டு வந்தது. மோந்து பார்த்தார். மீன் வெடில் அவருக்குத் தெரியாததல்ல. ஊர்காவற்துறையில் பிறந்து வளர்ந்து அதை அருவருத்தே நாற்பது வயதானவர். இது அதில்லை. மூன்று நாள் கழற்றாத சட்டையின் கமக்கட்டு மணம், அதற்கு அடியில் இனிப்பாக இன்னொன்று.

மனைவி றோஸின் ஒரே தம்பி குருசுமுத்து, அனலைதீவுப் பக்கம் தொழிலுக்குப் போய் வள்ளம் புரண்டு அன்றைக்கு இருபத்தாறு நாள். வள்ளம் கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை. பத்தாம் நாள் இந்த விமானம் துண்டு துண்டாக ஒரு பெட்டியில் தபாலில் வந்தது. விமானமென்றால் அவனுக்கு விசர் என்று தெரிந்து, கப்பலில் வேலை செய்யும் சிநேகிதன் ஒருவன் சிங்கப்பூரில் வாங்கி அனுப்பியிருந்தான். றோஸ் பெட்டியைத் திறந்து பார்த்து அழவில்லை. நீங்கள்தான் இதை ஒட்டிப் பூட்டித் தரவேணும் என்றாள். "குழி இல்லாத பிள்ளை. முப்பத்தோராம் நாள் பூசையில அவன்ர படத்துக்கு முன்னால வைக்க ஒண்டு வேணும்."

அவர் எதையும் ஒழுங்காகச் செய்பவர். தொண்ணூற்றுநான்கு துண்டுகளையும் இலக்கப்படி நெருப்புப்பெட்டிகளில் பிரித்து வைத்தார். பெட்டியோடு வந்த பசைக்குழாய்தான் வெக்கையில் கல்லாகிக் கிடந்தது. யாழ்ப்பாணக் கடைகளிலும் அப்படி ஒன்று இல்லை. கடைசியில் வள்ளம் கட்டும் அருளப்பு தான் காய்ச்சிய வச்சிரப் பசையில் ஒரு பால்ரின் நிறையக் கொடுத்தார். மரத்துக்குப் பூசும் பசை பிளாஸ்ரிக்கைப் பிடிக்காது என்றுதான் மரியநாயகம் நினைத்தார். பிடித்தது. கோணலாக ஒட்டிய ஒரு துண்டைப் பிரிக்கப் பார்த்தபோது பிளாஸ்ரிக் உடைந்தது, பொருத்து விடவில்லை.

அவருக்கு வேலை பிடித்துப்போனதற்கு வேறு காரணமிருந்தது. தம்பி போன நாளிலிருந்து கண் மூடாத றோஸ், விமானம் உருவாகத் தொடங்கியபின் நித்திரை கொண்டாள்.

புதன்கிழமை பொருத்து வீங்கியிருந்தது. வெளிறிய சதை உதடுபோல் இறக்கையின் அடியிலிருந்து பிதுங்கி நின்றது. சவர அலகை எடுத்துச் சீவினார். சீவல் பத்திரிகையில் விழுந்து, ஆறிய பாலின் ஆடைபோலச் சுருண்டது. சீவிய இடம் மெல்லச் சிவந்தது.

குசினியில் றோஸ் பூசணிக்காய்க் கறியும் பருப்பும் போட்டுக் கொடுத்தாள். அந்தக் கரையில் கடலோடு போனவனின் உடல் சேராவிட்டால் முப்பத்தொரு நாளைக்கு ஒருவரும் மீன் தின்பதில்லை. மீன் எதைத் தின்றிருக்கும் என்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதுமில்லை. மரியநாயகம் இரண்டு பிடி தின்றார். பூசணிக்காயின் வழுவழுப்பு நாக்கில் பட, எழும்பி வளவுக்கு ஓடிச் சத்தி எடுத்தார்.

வியாழன் மத்தியானம் விமானியின் கண்ணாடி மூடியில் பனிப்புகார் படிந்திருந்தது. உள்ளே சின்னவிரல் பருமனில் விமானி; அறுபத்தொன்று, அறுபத்திரண்டு என்று இரண்டு பாதியாக வந்ததை அவரே ஒட்டி இருத்தியது. கண்ணாடியைத் துடைத்தார். போகவில்லை. புகார் உள்ளே.

பார்த்துக்கொண்டு நின்றார்.

சுருங்கியது. விரிந்தது. சுருங்கியது.

அவர் சங்கத்துக்குத் திரும்பிப் போகவில்லை. நேரே கடற்கரைக் கொட்டிலுக்குப் போனார். அருளப்பு பலகைக்குச் சீவுளி போட்டுக்கொண்டிருந்தார்.

"அருளப்பண்ணை, அந்த வச்சிரம் என்னத்தில காய்ச்சினது?"

"கெளிற்று மீனின்ர காற்றுப்பை. நல்ல ரெண்டு கெளிறு, ஒவ்வொண்டும் ஆட்டுக்குட்டிப் பருமன். ஏன், மணக்குதோ? உம்மட மூக்கைச் சங்கத்து மேசை லாச்சிக்குள்ள வைச்சுப் பூட்டிப்போட்டு வாரும்."

எங்கே பட்டது என்று கேட்டார். அனலைதீவுப் பக்கம், குருசுமுத்து போய் ஐந்தாம் நாள் என்றார் அருளப்பு. விற்க ஏலாது, தின்ன ஏலாது, எறிய மனமும் வரவில்லையாம்.

"தின்னக்கூடாது எண்டுதானே கட்டு. ஒட்டக்கூடாது எண்டு ஆர் சொன்னது?"

"வயித்துக்குள்ள என்ன கிடந்தது?"

சீவுளி நின்றது. அருளப்பு பலகையில் ஒட்டியிருந்த சுருளை விரலால் தட்டிவிட்டார். மற்றக் கையாலும் தட்டினார்.

"ஒவ்வொரு நாளும் கீறிப் பாக்கிறனான்," என்றார் நிமிராமல். "அண்டைக்குப் பாக்கேல்லை."

திரும்பி நடக்கும்போது மரியநாயகம் ஒழுங்காக யோசித்தார். சாக்கில் சுற்றவேண்டும். பின்வளவில் பொச்சுமட்டையோடு எரிக்கவேண்டும். பூனை தட்டி உடைத்தது என்று றோஸுக்குச் சொல்லவேண்டும். அவள் நித்திரை போகும். ஞாயிறு பூசைக்குப் படத்துக்கு முன்னால் ஒன்றும் இராது. இருந்தாலும் அவளுக்கு இது தெரியவேண்டாம். தெரிந்தால் அவள் இராள்.

அறையில் மேசை வெறுமையாக இருந்தது. பத்திரிகையில் விமானத்தின் உருவம் ஈரமாகப் பதிந்திருந்தது. பக்கத்தில் மிளகளவில் விமானியின் தலைக்கவசம், கழன்று.

கூடத்தில் தம்பியின் படத்துக்குக் கீழே கதிரையில் றோஸ் இருந்தாள். தலை முழுகி எண்ணெய் வைத்திருந்தாள். மடியில் விமானம். மூடி திறந்திருந்தது. வீடு முழுக்கக் கமக்கட்டு மணம்.

"இஞ்சேருங்கோ," என்றாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்ததை அப்போதுதான் கண்டார். "தூக்கிப் பாருங்கோ. கனக்குது."

"றோஸ். அதைக் கீழ வையும்."

"ஏன்?"

"பசை காயேல்லை."

"காயத் தேவையில்லை," என்றாள். "கிட்ட வந்து பாருங்கோ. நெத்தியில தழும்பு. வள்ளத்துக் கொம்பு இடிச்சது. தம்பிக்கு எட்டு வயசில."

அவர் பார்த்தார். இரண்டு பாதியும் சேர்ந்த கோடு முகத்தில் இல்லை. காயம் ஆறியதுபோல் மூடியிருந்தது. தோல் ஊறி வெளிறி, கண்ணிமை இருந்த இடத்தில் ஏதோ தின்ற பள்ளம்.

சொல்லவேண்டும். கெளிறு என்று ஒரு சொல். வாய் திறந்தது. மணம் உள்ளே போய் நாக்கில் இருந்தது.

றோஸ் குனிந்து அதை முத்தமிட்டாள். நெடுநேரம்.

நிமிர்ந்தபோது அவளுடைய கீழுதட்டிலிருந்து மஞ்சளாக ஒரு நூல் விமானத்துக்குள் தொங்கியது. வெயிலில் மின்னியது. அவள் உதட்டை நக்கினாள். விழுங்கினாள்.

நூல் அறவில்லை.

தொய்ந்து கிடந்தது இறுகியது. உள்ளேயிருந்து. கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.

றோஸின் உதடு மெல்ல முன்னுக்கு இழுபட்டது. அவள் சிரித்துக்கொண்டே திரும்பவும் குனிந்தாள்.