பின்சீட்டில் வைத்த பலாப்பழம்

அந்தப் பழைய கார் டெல்லியிலிருந்து லாரியில் வந்து இறங்கிய அன்றே உள்ளே எச்சில் நாற்றம் அடித்தது. சிகரெட் வாடை இல்லை, எலி செத்த வாடையும் இல்லை. வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிற ஒருவர் வருசக்கணக்கில் ஒழுகவிட்ட தலையணையில் முகம் வைத்தால் எழும்புமே, அந்தப் புளித்த வாடை. கதவைத் திறந்ததுமே பிரிசில்லா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

அவள் புருஷன் செம்பியனுக்கு மூக்கே கிடையாது. மலிவாக வாங்கிய எதிலும் அவனுக்கு நாற்றம் தெரியாது. "பத்து வருசம் ஆன டீசல் வண்டிய அங்க ஓட்டக் கூடாதுன்னுட்டாங்க பிரிசி. அதான் அடிமாட்டு வெலைக்கு வந்துருக்குது. ஒரு கீறல் இருக்குதா பாரு" என்று பானட்டைத் தட்டினான்.

கீறல் இல்லைதான். வண்டியும் வேண்டியதுதான். நாலு வயது இளமதிக்கு வீசிங். மாதம் இரண்டு தடவை கடலூரிலிருந்து சிதம்பரத்து டாக்டரிடம் பஸ்ஸில் புகையும் தூசியுமாகப் போய்த் திரும்புவதற்குள் குழந்தைக்கு விலா எலும்பு உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்த ஒரு காரணத்துக்காகத்தான் பிரிசில்லா வாயை மூடிக்கொண்டாள்.

வாட்டர் சர்வீஸில் சீட்டையெல்லாம் கழற்றி ஷாம்பு போட்டார்கள். பின்சீட்டு ஸ்பாஞ்சைப் பிழிந்தபோது தண்ணீர் சொட்டவில்லை. கொழகொழவென்று நூல் நூலாக இழுத்துக்கொண்டு இறங்கியது. பிழிந்தவர் "த்தூ" என்று கையை உதறிவிட்டுச் சோப்புத் தேடிப் போனார். பிரிசில்லா காபித்தூள் வைத்தாள், சூடம் வைத்தாள், சென்ட் பாட்டில் மாட்டினாள். நாற்றம் சென்ட்டோடு சேர்ந்து இன்னும் கேவலமாக ஆயிற்று.

வழி சொன்னது செம்பியனின் கூட்டாளி கொளஞ்சி. பண்ருட்டியில் பலா மண்டி வைத்திருக்கிறவன். "அட போ மச்சான், நம்ம ஊர்ல இதுக்குப் போயி சென்ட்டா? நல்லாக் கனிஞ்ச பழமா ஒண்ணு தரேன். ரெண்டாப் பொளந்து பின்னாடி வெச்சு, கண்ணாடிய ஏத்தி உட்டுடு. எந்த நாத்தம் நிக்குதுன்னு பாக்கறேன். என்னா தங்கச்சி, நான் சொல்றது?" பிரிசில்லாவுக்கும் அது சரியாகத்தான் பட்டது. பலா இருக்கும் வீட்டில் வேறெந்த வாசனைதான் நிற்கும்? ராத்திரி அவளே பழத்தைத் தூக்கி வைத்துக் கதவைச் சாத்தினாள்.

காலையில் திறந்தபோது நாற்றம் இல்லை. பழமும் இல்லை. முள்தோல் இரண்டும் கவிழ்த்த சட்டிபோலக் கிடந்தன. சக்கை, நார், பிசின் எல்லாம் வழித்து நக்கப்பட்டு உள்தோல் வெள்ளையாக மினுங்கியது. கொட்டைகள் மட்டும் சீட்டு நடுவில் குவித்து வைக்கப்பட்டிருந்தன. ஒன்றிலும் பல் படவில்லை. சப்பி, சப்பி, வழுவழுவென்று ஆக்கிய கொட்டைகள். ஒன்றை எடுத்தாள். வெதுவெதுவென்று இருந்தது. கூடவே ஒரு எச்சில் கம்பி நீண்டு அவள் மணிக்கட்டில் ஒட்டியது.

"பெருச்சாளி பூந்துருக்கும்" என்றான் செம்பியன்.

"ஏறியிருந்த கண்ணாடிக்குள்ளயா? பெருச்சாளி கொட்டைய உட்டு வெக்குமா?"

"நாத்தம் போச்சில்ல? அத்தோட உடு."

கையை மூன்று தடவை கழுவியும் அவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அப்புறம் கொஞ்ச நாள் வண்டி நன்றாகத்தான் இருந்தது. பிஸ்கட் துணுக்கு, சிந்திய பால் எதுவும் பின்சீட்டில் தங்கவில்லை, அவ்வளவுதான். ஒருநாள் சிதம்பரம் போய் இறங்கும்போது பார்த்தால், பின்னால் தூங்கிக்கொண்டு வந்த இளமதியின் வலது கை விரல்கள் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்தன. நெடுநேரம் தண்ணீரில் கிடந்த விரல்கள் மாதிரி. நகக்கண்ணெல்லாம் புளித்த வாடை.

"வெரல் சப்புனியா? இந்த வயசுலயா?" என்று அதட்டினாள்.

"நான் சப்பலம்மா."

அன்று ராத்திரியே பிரிசில்லா வண்டியை விற்றுவிடச் சொன்னாள். "டெல்லிலேருந்து என்.ஓ.சி. இன்னும் வரல, நம்பர் மாத்தல, எவன் வாங்குவான்? ஒனக்கு எதையெடுத்தாலும் பயம்" என்று செம்பியன் எரிந்து விழுந்தான். அதன்பின் அவள் குழந்தையை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

ஆனால் அடுத்த தடவை டாக்டர் நெபுலைசர் வைத்து அனுப்பினார். இளமதி துவண்டுபோயிருந்தாள், மடியில் உட்கார வைத்தால் சரிந்து சரிந்து விழுந்தாள். வேறு வழியில்லாமல் பின்சீட்டில் கிடத்தி, முன்சீட்டிலிருந்து பத்து மூச்சுக்கு ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். புதுச்சத்திரம் தாண்டியதும் மழை மூட்டம் கட்டி வண்டிக்குள் இருட்டிற்று. ரோட்டோரம் நுங்கு விற்பதைப் பார்த்துச் செம்பியன் ஓரம்கட்டினான். ஏசிக்காக எஞ்சினை ஓடவிட்டு இறங்கினான். அதே நேரம் தங்கை ரேகா போன் பண்ணினாள். மாத்திரைக்கு முன்னால் குழந்தைக்கு ஏதாவது கொடுக்க வேண்டும். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, குனிந்து தயிர்சோற்றைப் பிசைந்தாள். கதவு சாத்துகிற சத்தம் ஒன்று கேட்டது. அவன்தான் என்று நினைத்தாள்.

"இளா, எந்திரிச்சியா? ஆ காட்டு" என்று வலது கையைப் பின்னால் நீட்டினாள். பிரயாணத்தில் எப்போதும் அப்படித்தான் ஊட்டுவாள்.

வாய் வாங்கிக்கொண்டது. இன்னொரு கவளம். அதையும். நாலு வாய்க்கு மேல் தின்னாத பிள்ளை, கை வருவதற்குள் முன்னால் வந்து கவ்வியது. மருந்து வேலை செய்கிறது, ஏசப்பா, நன்றி என்று நினைத்தாள். நாக்கு விரலிடுக்கில் ஒட்டிய பருக்கையைத் தேடியது. உள்ளங்கையை வழித்தது. மணிக்கட்டைச் சுற்றி வந்தது.

மணிக்கட்டையா?

நிமிர்ந்தாள். முன்கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நுங்குக்காரருக்கு எதிரில், செம்பியனின் இடுப்பில் இளமதி. நுங்குக் கண்ணுக்குள் கட்டைவிரலை விட்டுக் குடைந்துகொண்டிருந்தாள்.

"அக்கா? இருக்கியா? அக்கா?" போன் மடியில் விழுந்தது.

கையை இழுத்தாள். வரவில்லை. கடிக்கவில்லை. பல்லே இல்லை. ஈறு மட்டும். வழுக்குகிற, சூடான ஈறு. அது பாட்டுக்குச் சப்பிக்கொண்டிருந்தது. பழைய நாற்றம் வண்டியை நிறைத்தது. டப்பாவில் சோறு இல்லை.

இளமதி இடுப்பிலிருந்து இறங்கி ஓடிவந்தாள். நுங்குத் தண்ணீர் வழிகிற கை. பின்கதவை நோக்கி.

பிரிசில்லா இடது கையால் டேஷ்போர்டில் இருந்த லாக் பட்டனை அழுத்தினாள். நாலு கதவும் பூட்டிக்கொண்டன.

"அம்மா! தொற!" கண்ணாடியைக் குழந்தை தட்டியது.

"ஏய் பிரிசி, என்னா வெளையாட்டு? மழை வருது, தொற!"

வாய் அவள் கையை விட்டுவிட்டது.

பின்சீட்டு ஸ்பிரிங் முனகியது. பாரம் ஒன்று இடதுபக்கம் நகர்ந்தது. குழந்தை தட்டுகிற பக்கம். கண்ணாடியை உள்ளிருந்து நக்குகிற சத்தம். கொளக். கொளக். வெளியே இளமதி சிரித்தாள்.

பிரிசில்லா திரும்பவில்லை. ஈரக் கையை மறுபடி பின்னால் நீட்டினாள். இருட்டில் தடவினாள். சீட்டு. பெல்ட். இன்னும் தள்ளி. வெதுவெதுப்பாக ஒன்று தட்டுப்பட்டது. அந்த வாய்க்குள் கையை முழங்கைவரை விட்டுக்கொண்டாள்.