பெயருக்கு விட்ட இடம்

மூன்றாம் நிமிடத்தில், சத்தமே இருக்கக் கூடாத இடத்தில், யாரோ மூச்சை இழுத்தார்கள்.

அழகுபாண்டி ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். வண்டியூர் வீட்டின் மாடி அறை அது. சுவரெங்கும் ஸ்பாஞ்ச் ஒட்டியிருந்ததால் நண்பகல் வெயிலோ தெருச் சத்தமோ எட்டிப்பார்க்காது. சூடேறிய ஸ்பாஞ்சின் நாற்றமும் பழைய ஃபேனின் கரகரப்பும்தான் துணை. பத்து வருடமாக அவர்களுடைய ராக் பேண்ட் போட்டதில் ஆக இருட்டான ஏழு பாட்டுகளை ஒரே ஆல்பமாகத் தொகுத்துக்கொண்டிருந்தான். பாடகன் சிவபாண்டி திருமங்கலம் ரோட்டில் லாரியில் அடிபட்டுச் செத்து நாற்பது நாள்தான் ஆகிறது. இது அவனுக்காக.

ஏழாவது பாட்டு ஒப்பாரி. செத்தவர் பெயர் வரவேண்டிய இடத்தை வெறுமையாக விட்டிருந்தார்கள். உயிரோடு இருக்கிறவர் பெயரை அங்கே வைக்கவே கூடாது என்று சிவபாண்டி ஒற்றைக்காலில் நின்றிருந்தான்.

அழகுபாண்டி மறுபடி ஓடவிட்டான். மூச்சு. பிறகு ஒரு குழந்தைக் குரல்: "பாண்டிமீனா."

அடப்பாவி! அவன் மகள்தான். போன வாரம் புது மைக்கைச் சோதிக்க அவளைப் பேர் சொல்லச் சொன்னான். காலி இடம்தானே என்று இந்தப் பாட்டிலேயே பதித்துவிட்டு அழிக்க மறந்திருக்கிறான். உடனே அழித்தான். டிரம்ஸ் வாசிக்கும் ராஜபாண்டிக்குப் போன் போட்டான்.

"மாப்ள, ஒப்பாரியில பாப்பா பேரு ஏறிருச்சுடா."

"அழிச்சிட்டேல்ல? பெறகு என்ன பயம்? போட்டுப் பாரு."

போட்டுப் பார்த்தான். கம்ப்யூட்டர் திரையில் அந்த இடம் ஒலி அலையே இல்லாமல் நேர்கோடாகக் கிடந்தது. காதில் மூச்சு. இந்த முறை குழந்தையுடையது இல்லை. கனத்த மூச்சு. பிடரிக்குப் பக்கத்தில்.

"பாண்டிமீனா... போயிட்டியே தாயி..."

சிவபாண்டியின் குரல்.

வயரைப் பிடுங்கினான். திரை இருண்டது. ஹெட்போனைக் கழற்றி எறிந்தான். பாட்டு நிற்கவில்லை. கீழே வீட்டுக்குள் கேட்டது.

கீழே மீனா மட்டும்தான் தூங்கிக்கொண்டிருந்தாள்.

இரண்டிரண்டு படியாகத் தாவினான்.

ஹாலில் பாய். தெற்கே தலை. கைகள் இரண்டும் உடம்போடு ஒட்டியிருந்தன. நெற்றியில் ஒற்றை ரூபாய். கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தது ஒரு கிடார் கம்பி.

"மீனா!"

கண் திறந்திருந்தது. உதடு மட்டும் அசைந்தது.

"பேசாம இருப்பா. சிவா மாமா இன்னும் பாடி முடிக்கல."

கம்பி, தானாக, இன்னொரு சுற்று சுற்றியது.