மூன்றாவது அழைப்பு

அன்று காலையிலிருந்தே மழை. கரண்ட் இல்லை. செங்கல்பட்டில் குடும்ப வழக்குகள் நடந்துவந்த பழைய பங்களாவுக்குள் நானும் வக்கீல் ரெஜினா மேடமும் குடையை மடக்கிக்கொண்டு நுழைந்தோம். இருண்ட நடையில் வழக்கமான வௌவால் எச்ச வாடை. நான் மேடத்தின் குமாஸ்தா, எல்லப்பன். கொலைக் கேஸ், விவாகரத்து என்று அவர் கட்டுகளைத் தூக்கியே என் தோள் இறங்கிவிட்டது. பேய்க்குப் பயப்பட நேரமில்லாத பிழைப்பு.

எங்கள் கட்சிக்காரி ஜோதிலட்சுமியைக் காணவில்லை. மகள் ஸ்வாதியைத் தன்னிடமே விடும்படி மனுப் போட்டவள், பாதி வழக்கில் மறைந்துபோனாள். அவள் எவனோடோ ஓடிப்போய் மும்பையில் நன்றாக இருப்பதாகப் புருஷன் சரவணகுமார் பிரமாணப் பத்திரமே போட்டிருந்தான். மேடத்தை மிரட்ட ஆள் வைத்து ஆபீஸ் கண்ணாடியையும் உடைத்தான். மேடம் அதை மாற்றவே இல்லை, பார்த்துக்கொண்டே வேலை செய்கிறேன் என்றார்.

ஜோதி நேரில் வரவேண்டிய கடைசி வாய்தா அன்று. கோர்ட் சேவகரான டவாலி மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிடுவார். பதில் வராவிட்டால் மனு தள்ளுபடி. ஜோதியின் தங்கை விஜயகுமாரியின் மடியில் இருந்த குழந்தை அப்பனோடு போகவேண்டும். அவன் குழந்தைக்கு ஒரு புதுக் கவுனோடு வந்து நின்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நிக்காது மேடம். வாபஸ் வாங்கிட்லாமா?" என்றேன்.

"கூப்புடட்டும்யா. நான் நிக்கிறேன்ல?"

டவாலி நடைக்குப் போனார்.

"ஜோதிலட்சுமி..."

மழைச் சத்தம்தான்.

"ஜோதிலட்சுமி..."

சரவணகுமார் குழந்தையை நோக்கிக் கையை நீட்டினான்.

வௌவால் வாடை சட்டென்று போய்விட்டது. அதன் இடத்தில் உப்பு வாடை, செத்த நண்டின் வாடை.

"ஜோதிலட்சுமி..."

"இங்க கீறேன்யா."

நடைக்கோடியிலிருந்து வந்தது. தொண்டையில் தண்ணீர் தேங்கிய குரல்.

நடையில் யாருமில்லை.

ஈரக் காலடி மட்டும் ஒவ்வொன்றாகத் தரையில் பதிந்து உள்ளே வந்தது.

மேடத்தின் கழுத்தில் வியர்வை. ஆனாலும் எழுந்து நிமிர்ந்து நின்றார்.

"மனுதாரர் ஆஜர், யுவர் ஆனர்."

நீதிபதியின் பேனா அப்படியே நின்றது.

"அது அவ இல்ல," என்று முனகினான் சரவணகுமார். "அவ வர முடியாது."

மேடம் அவன் பக்கம் திரும்பினார். "அவ உயிரோட இருக்கான்னு எழுதிக் குடுத்தது நீங்கதானே. ஏன் வர முடியாது?"

காலடிகளும் அவன் பக்கம் திரும்பின.

"மாமல்லபுரத்தாண்ட... கல்ல கட்டித்தானே கடல்ல எறக்கினேன். எப்டி வருவா?"

கவுன் அவன் கையிலிருந்து ஈரத் தரையில் விழுந்தது.

ஸ்வாதி சித்தியோடு வீட்டுக்குப் போனாள். அவன் போலீஸ் ஜீப்பில் போனான்.

மழை விட்டு நல்ல வெயில் அடித்த ஒரு மதியம், அவன் அம்மா சியாமளா எங்கள் ஆபீசுக்கு வந்தாள்.

"கொலைக் கேஸுக்கு உங்கள வுட்டா ஆளில்லன்றாங்க மேடம். எப்டியாவது எம்புள்ளய வெளிய கொண்டாந்துடுங்க," என்று சொல்லிக்கொண்டே பெஞ்சில் உட்காரப் போனாள்.

மேடம் ஃபைலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அங்க உக்காராதீங்கம்மா. என் கட்சிக்காரி உக்காந்துகினு கீறா."

சியாமளா பெஞ்சைப் பார்த்தாள். காலி. அதன் நுனியிலிருந்து மட்டும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

காலையில்தான் நான் அதைத் துடைத்திருந்தேன்.