பொட்டு வளர்கிறான்

"சங்கத்தின் அனைத்துக் குடும்பங்களுக்கும் பெருமகிழ்ச்சியோடு அறிவிப்பது என்னவென்றால், நமது குடியிருப்பின் வரலாற்றில் இதுவரை எவரும் ஏற்றிராத ஒரு பொறுப்பை உங்கள் செயலாளர் இன்று ஏற்றுக்கொண்டுள்ளார். ஈன்ற தாயே ஒதுக்கிய ஓர் இளம் உயிரைத் தாயுள்ளத்தோடு..."

அறிவிப்பு இதற்கு மேலும் இரண்டு பத்தி ஓடியது. விஷயம் இவ்வளவுதான். மாடிப்படிக்குக் கீழே சுற்றிக்கொண்டிருந்த சாம்பல் நிறப் பூனை, செயலாளர் வீட்டு அலமாரியின் அடித்தட்டில், அவர் மேடை ஏறும்போது போடுகிற கோட்டின் மேல் நாலு குட்டி போட்டிருந்தது. மூன்று குட்டிகள் குட்டி மாதிரியே இருந்தன. நாலாவது, யாரோ பூனை செய்ய உட்கார்ந்து பாதியில் எழுந்து போய்விட்டது மாதிரி இருந்தது. கட்டைவிரல் கனம் உடம்பு. அதற்குள் ஒரு துடிப்பு. தாய் அதை நக்கவில்லை. மடியில் சேர்க்கவில்லை. ஒவ்வொரு முறையும் பின்காலால் மெதுவாகத் தள்ளி ஒதுக்கியது.

செயலாளரின் மகள் அதற்குப் பொட்டு என்று பெயர் வைத்தாள். அவளுக்கு ஒன்பது வயது. கால்நடை டாக்டரிடம் கொண்டுபோய், பால் பவுடரும் ஊசியில்லாத சிரிஞ்சும் வாங்கிவந்து, நாலு நாள் கண்ணைப்போலக் காத்தாள். அதற்குள் அவளுடைய பெரியம்மா கால் ஒடிந்து படுத்துவிட்டதால் அம்மாவோடு ஊருக்குக் கிளம்ப வேண்டியதாயிற்று.

"அப்பா, குப்புறப் படுக்க வச்சுதான் கொடுக்கணும். அதுங்க அம்மாகிட்ட குடிக்கிற மாதிரி. மல்லாக்க வச்சா பால் மூச்சுக்குள்ள போயிடும்னு டாக்டர் ஆன்ட்டி சொன்னாங்க."

"தெரியும்டா கண்ணு. உன்னையே தூக்கி வளர்த்தவன் நான்."

"யாரு, நீங்களா?" என்றாள் மனைவி, செருப்பை மாட்டிக்கொண்டே. "பேரு வச்சது நீங்க. மத்ததெல்லாம் நான்."

செயலாளர் தண்ணீர் வாரியத்தில் கண்காணிப்பாளர். வீட்டில் அந்தப் பதவி மனைவியிடம் இருந்தது. 

"சூடு பாத்துக் கொடுங்கப்பா. மணிக்கட்டுல ஒரு சொட்டு விட்டுப் பாருங்க. மத்த மூணுக்கும் அம்மா இருக்கு. இதுக்கு நீங்கதான்."

"அப்பா மேல நம்பிக்கை இல்லையா?"

"இருக்குப்பா," என்றாள். அந்தக் குரலில் துளிச் சந்தேகம் இல்லை. பிறகு அவரை அதிகம் வதைத்தது அதுதான்.

முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. குப்புறப் படுக்க வைத்தார். சொட்டுச் சொட்டாகக் கொடுத்தார். வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தார். ஒவ்வொன்றையும் படம் எடுத்துச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். மூன்றாவது மாடிப் பல் டாக்டர்தான் கெடுத்தார். அவருக்குச் செயலாளர் பதவி மேல் நெடுநாளாக ஒரு கண்.

"முகமே தெரியலையே சார்? கைக்குட்டையைச் சுருட்டி வச்சு எங்களுக்குப் படம் காட்டுறீங்களா?"

பத்துப் பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள்.

குப்புற வைத்தால் முகம் தெரியாது. பின்பக்கம்தான் தெரியும். ஒரு செயலாளர் பூனையின் பின்பக்கத்தோடு வரலாற்றில் இடம்பிடிக்க முடியாது. அன்று மத்தியானம் சோபாவில் உட்கார்ந்து, பொட்டுவை மல்லாத்தி, கைக்குழந்தையைப்போல இடது உள்ளங்கையில் ஏந்திக்கொண்டார். போனைப் பூச்சாடியில் சாய்த்து வைத்தார். வலது கையால் சிரிஞ்சை வாயில் வைத்து, முகத்தில் தாயுள்ளத்தை வரவழைத்து, போனைப் பார்த்தபடியே கட்டைவிரலை அழுத்தினார்.

படம் அருமையாக வந்தது. ஐந்தாறு எடுத்திருந்தார். எதைப் போடலாம் என்று தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தபோது இடது கையில் ஏதோ சத்தம் கேட்டது. *களுக்*. சின்ன பாட்டிலில் மிச்சத் தண்ணீர் குலுங்குவதுபோல. *களுக்*. என்னவென்று அவருக்குத் தெரிந்தது. அதுதான் வெட்கக்கேடு. தெரிந்தும், முதலில் படத்தைக் குழுவில் போட்டுவிட்டுத்தான் குனிந்து பார்த்தார்.

பொட்டுவின் மூக்கில் ஒரு பால் குமிழ் பெரிதாகி, சுருங்கி, பெரிதாகி, சுருங்கியது. பிறகு பெரிதாகவில்லை.

போன் மட்டும் விடாமல் அதிர்ந்துகொண்டே இருந்தது. நாற்பது வீடுகளிலிருந்து இதயங்கள் வந்துகொண்டிருந்தன.

தன் நல்ல கைக்குட்டை ஒன்றில் சுற்றி, முடிச்சுப் போட்டு, பால்கனியில் இருந்த குரோட்டன்ஸ் தொட்டியில் புதைத்தார். யாரும் பார்க்காதபடி செடிக்கு உரம் போடுவதுபோல உட்கார்ந்து புதைத்தார். எதிர் வீட்டு அம்மாள் கொடியில் துணி காயப்போட வந்தபோது, செடியைப் பார்த்துப் புன்னகைகூடச் செய்தார். கையைக் கழுவுகையில் கண்ணாடியைப் பார்க்காமல் கழுவினார்.

சாயங்காலம் மகள் கூப்பிட்டாள்.

"பொட்டு குடிச்சிதாப்பா?"

"குடிச்சாச்சு."

"எல்லாமா?"

"எல்லாம்."

இரண்டாவது பதில் மட்டும் பொய் இல்லை.

அன்று மாலை பூனைக்கும் குட்டிகளுக்கும் மகள் துணி விரித்து வைத்திருந்த அட்டைப்பெட்டியை எட்டிப் பார்த்தபோது மூன்று குட்டிகளும் ஒரு ஓரமாக ஒண்டிக் கிடந்தன. தாய் மறு ஓரத்தில் எதையோ நக்கிக்கொண்டிருந்தது. நிதானமான, நீளமான நக்கல்கள். துணியைத்தான் நக்குகிறது என்று நினைத்தார். ஆனால் நாக்கு துணியைத் தொடவில்லை. துணிக்கு மேலே, ஒரு கட்டைவிரல் உயரத்தில், வளைந்து வளைந்து போய்க்கொண்டிருந்தது.

பொய் சொல்வதில் ஒரு சங்கடம், அதற்குத் தினமும் தீனி போட வேண்டும். பொட்டு எடை கூடிவிட்டான் என்று குழுவில் எழுதினார். பொட்டு இப்போது தானாகவே தாய் மடியைத் தேடிப் போகிறான் என்று எழுதினார். எழுதிய பிறகு பெட்டியைப் பார்ப்பதைத் தள்ளிப்போட்டார். பார்த்தபோதெல்லாம் தாய்க்கும் மூன்று குட்டிகளுக்கும் நடுவிலிருந்த காலி இடம் பெரிதாகியிருந்தது. துணி அங்கே குழிந்திருந்தது. கை வைத்துப் பார்க்க அவருக்குத் துணிவில்லை. வீட்டில் பால் புளித்த வாடை லேசாக வர ஆரம்பித்தது. பாத்திரமெல்லாம் தேய்த்தார். சிங்க்கில் வெந்நீர் ஊற்றினார். மகளின் அறையிலிருந்து வருகிறதோ என்று தலையணை உறையைக்கூட முகர்ந்து பார்த்தார். அங்கிருந்துதான் வந்தது. உறையின் நடுவில், உள்ளங்கை அகலத்துக்கு, சாம்பல் நிற மயிர்.

தாய்ப்பூனைதான் படுத்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சங்கக் கூட்டத்தில் தணிக்கைக் கேள்விக்குப் பதில் சொல்லும் அதே குரலில் சொல்லிக்கொண்டார். அவருக்கே நம்பிக்கை வரவில்லை.

"கண்ணு திறந்துச்சாப்பா?" என்று மகள் கேட்டாள்.

"திறந்துடுச்சே! உன்னைத்தான் தேடுது."

"அய்யோ! காட்டுங்க, வீடியோல காட்டுங்க!"

அவர் எதிர்பார்க்கவில்லை. வெளிச்சம் இல்லை, தூங்குகிறது, தாய் சீறும் என்று என்னென்னவோ சொன்னார். அவள் கெஞ்சினாள். கடைசியில், குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடப்பதைத் தூரத்திலிருந்து காட்டிவிட்டால் குழந்தை எண்ணவா போகிறாள் என்று போனைப் பெட்டிக்கு மேலே நீட்டினார். அவர் கண்ணுக்கு மூன்று குட்டிகளும் காலி இடமும் தெரிந்தன.

"ஆங், தெரியுதுப்பா!" மகள் கூவினாள். "அம்மா, இங்க பாரேன், பொட்டு எவ்ளோ பெரிசாயிடுச்சு! மத்ததை விடப் பெரிசு!"

அவர் போனைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது.

"நீலக் கண்ணுப்பா." கொஞ்சம் நிறுத்தினாள். "அப்பா, எல்லாம் தூங்குது. அது மட்டும் ஏன் உங்களையே பாத்துட்டிருக்கு?"

மறுநாள் தாய் தன் குட்டிகளை ஒவ்வொன்றாகப் பிடரியில் கவ்வி, பால்கனிச் சுவர் வழியாக எங்கோ கொண்டுபோனது. மூன்றையும் கொண்டுபோனது. பிறகு சுவர் மேல் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தது. பெட்டியைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தது. நான் ஒதுக்கியதைத்தானே நீ எடுத்துக்கொண்டாய், நீயே வைத்துக்கொள் என்பதுபோல. குதித்துப் போனது. வரவேயில்லை.

பெட்டி காலியாக இருந்தது. துணி குழிந்தே இருந்தது. வீடு முழுக்க அமைதி. அந்த அமைதியில், எந்த அறை என்று சொல்ல முடியாதபடி, *களுக்*.

குழாயை இறுக்கினார். *களுக்*. ஃப்ரிட்ஜை நிறுத்தினார். *களுக்*. தண்ணீர் வாரியத்தில் இருபது வருஷம் வேலை பார்த்தவர். குழாய்ச் சத்தம் எது, மூச்சுச் சத்தம் எது என்று அவருக்குத் தெரியும்.

மகள் திரும்பிவர இன்னும் ஒரே ஒரு நாள்தான் இருந்தது. சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். அப்பாதான் தப்பு செய்தேன், மல்லாத்திக் கொடுத்துவிட்டேன், படத்துக்காக. இத்தனை சின்ன வாக்கியம் ஒன்றை வாழ்நாளில் அவர் தயாரித்ததில்லை. குறைந்தபட்சம் மகள் கையால் ஒழுங்காகப் புதைக்கட்டும் என்று, மத்தியானம் தொட்டியைத் தோண்டினார். கைக்குட்டை வந்தது. முடிச்சு அவர் போட்டபடியே இருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தார். உள்ளே ஒன்றுமில்லை. துணி மட்டும் ஈரமாக இருந்தது. வெதுவெதுப்பான ஈரம்.

அப்படியே தரையில் உட்கார்ந்து போனை எடுத்தார். குழுவில் 'மன்னிக்கவும்' என்று அடித்தார். அதற்குள் பல் டாக்டர் முந்திக்கொண்டார்.

"நம்ம ஹீரோவை எப்ப சார் நேர்ல காட்டப்போறீங்க? இல்ல, நான் சொன்ன கைக்குட்டைதானா?"

மடியில் கைக்குட்டை கிடந்தது. காது மடல் வரை சூடேறியது. 'மன்னிக்கவும்' என்பதை ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். பிறகு கை தானாக அடித்தது.

"நாளையே வாருங்கள்! அசுர வளர்ச்சி. என் கையில் அடங்குவதில்லை. போகிற போக்கைப் பார்த்தால், இனிமேல் அவன்தான் என்னை மடியில் போட்டுப் பால் கொடுக்க வேண்டும் போலிருக்கிறது!"

எல்லோரும் சிரித்தார்கள். பல் டாக்டர்கூட.

மறுநாள் மாலை மனைவி ரயில் நிலையத்திலிருந்து கூப்பிட்டாள். "ஆட்டோ ஏறிட்டோம். உங்க பொண்ணு வழியெல்லாம் பொட்டு பொட்டுன்னு உயிரை வாங்கிட்டா. வீட்டைக் கூட்டியாவது வச்சிருக்கீங்களா?"

"நீ முதல்ல வா. ஒரு விஷயம் சொல்லணும்," என்றார். 

"என்னங்க? என்ன ஆச்சு?"

பதில் சொல்வதற்குள் கரன்ட் போயிற்று. போனும் அணைந்தது. ஜன்னலில் கொஞ்சம் சாம்பல் வெளிச்சம் மிச்சமிருந்தது. பால் புளித்த வாடை திடீரென்று அடர்ந்து, அறை முழுவதும் ஒரு பெரிய வாய்க்குள் இருப்பதுபோல வெதுவெதுப்பானது. ஹாலில் சோபா முனகியது. பெரிய ஆள் யாரோ உட்கார்ந்தால் அது அப்படித்தான் முனகும்.

*களுக்.*

இந்த முறை சத்தம் உயரத்திலிருந்து வந்தது.

வாசல் கதவை நோக்கி நடந்தார். நடந்ததாகத்தான் நினைத்தார். கால் அசைந்தது. தரை நகரவில்லை. தரை கீழே இருந்தது.

பிடரியில் ஏதோ கவ்வியிருந்தது. வலிக்கவில்லை. பல் பதியாமல், பக்குவமாக.

உடம்பு தொய்ந்தது. குட்டிக்குத் தொய்வதுபோல.

பிறகு மடி. மயிர். சூடு.

மல்லாக்க.

மேலே, விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு நீலம். அவற்றில் கோபம் இல்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. பாசமாக இருந்தன. உதட்டில் ஏதோ வந்து பொருந்தியது. முதல் சொட்டு. சரியான சூடு. மணிக்கட்டில் விட்டுப் பார்த்திருக்கிறது.

இரண்டாவது சொட்டு. மூன்றாவது.

பிறகு சொட்டு இல்லை. அழுத்தம்.

இப்படி இல்லை என்று சொல்லப் பார்த்தார். அது வேறு எப்படிச் செய்யும்? பால் கொடுக்கக் கடைசியாகக் காட்டியது அவர்தானே.

வெளியே ஆட்டோ நின்றது. படிக்கட்டில் ஓடிவரும் சின்னக் கால்கள். பூட்டில் சாவி.

"அப்பா! பொட்டு!"

கதவு திறந்தது. மகள் வாசலில் நின்றாள். அப்பாவைப் பார்த்தாள். பிறகு தலையை மெல்ல மெல்ல நிமிர்த்தி, கூரை வரைக்கும் பார்த்தாள். அவள் பயப்படவில்லை. தப்பாகக் கணக்குப் போடும் தோழியிடம் சொல்வதுபோல, பொறுமையாகச் சொன்னாள்.

"அப்படி இல்ல பொட்டு. அப்பாவைக் குப்புறப் படுக்க வை."

அப்பாவின் மூக்கில் ஒரு பால் குமிழ் பெரிதாகி, சுருங்கி, பெரிதாகி, சுருங்கியது.

மறுவாரம் நடந்த கூட்டத்தில் பல் டாக்டர் ஒருமனதாகச் செயலாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.