தளபதியின் மனைவிக்குப் பெயர் என்ன?

கனடாவில் எங்கள் ஸ்காபரோ பள்ளிக்கூடத்தில் 'பேசும் சிலைகள்' நாள் வருகிறது என்றதும் நான்தான் முதலில் கை தூக்கினேன். வகுப்பில் படிக்கும் அமெரிக்க வரலாற்றுப் புத்தகத்தில் வரும் ஒருவரைப் போல வேடமிட்டு அசையாமல் நிற்க வேண்டும். காலடியில் ஒரு சிவப்புக் காகித வட்டம் இருக்கும். யாராவது அதை மிதித்தால் சிலை பேசும்.

என்னோடு படிக்கும் டெனிஸ்டனுக்குத் தளபதி வில்லார்ட் கிடைத்தார். வாள், மீசை, ஒரு பக்கப் பேச்சு எல்லாம் உண்டு. எனக்குக் கிடைத்தது 'தளபதியின் மனைவி'. பேச ஒரே ஒரு வரி: "என் கணவர் போரிலிருந்த நான்கு ஆண்டுகளும் பண்ணையைப் பார்த்துக்கொண்டேன்."

"இவருடைய பெயர் என்ன, மிஸ்டர் ஓவன்?" என்று ஆசிரியரைக் கேட்டேன்.

அவர் புத்தகத்தைப் புரட்டினார். "பெயர் போடவில்லை, மெலனி. அந்த வரியே போதும்."

எனக்குப் பொல்லாத கோபம் வந்தது.

பின்னேரம் அம்மாவிடம் சொன்னேன். அம்மா பிறம்ரன் நகரில் ஒரு வெயார்ஹவுசில் பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறார். சப்பாத்தைக் கழற்றியபடியே கேட்டார்.

"நாலு வருசம் தனியப் பண்ணையைப் பாத்தவவுக்கு ஒரு வரியோ? உழுதது ஆர்? மாடு பாத்தது ஆர்?"

"பேரும் இல்லை அம்மா!"

"நீ என்ன செய்யப்போறாய்?"

"இதைச் சும்மா விடமாட்டன்."

வெள்ளிக்கிழமை பெற்றோர்கள் வந்தார்கள். ஓர் அங்கிள் என் வட்டத்தை மிதித்தார்.

"நான்கு ஆண்டுகள் பண்ணையை நடத்தினேன். புத்தகத்தில் என் பெயரைக் காணவில்லை!" என்றேன் உரக்க. "என் பெயர் என்ன என்று என் கணவரைக் கேளுங்கள். அதோ நிற்கிறார்!"

அங்கிள் சிரித்துக்கொண்டே தளபதியிடம் போய்க் கேட்டார். தளபதி திருதிருவென்று விழித்தார். மீசை ஒரு பக்கம் கழன்று தொங்கியது.

"எடியே மெலனி, எனக்கென்னெண்டு தெரியும்?" என்றான் டெனிஸ்டன்.

"கட்டின மனிசியின்ர பேர் தெரியாதோ? அப்ப மிஸ்டர் ஓவனைக் கேக்கச் சொல்லு!"

மிதிக்காமல் சிலை பேசக்கூடாதுதான். நான் பேசினேன்.

அதன்பிறகு என் வட்டத்துக்கு ஓய்வே இல்லை. மிதித்தவர்கள் எல்லோரும் தளபதியிடம் போய், அங்கிருந்து ஆசிரியரிடம் போனார்கள். டெனிஸ்டனின் அம்மாவும் போனார். மிஸ்டர் ஓவனின் காதுகள் சிவந்துவிட்டன. கடைசியில் அவர் என்னிடம் வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். ஆனாலும் தலை குனியவில்லை.

"திங்கட்கிழமை சொல்கிறேன்," என்றார்.

திங்கட்கிழமை கையில் ஒரு தாளுடன் வந்தார். நூலகத்தில் தேடித் தேடி, ஒரு பழைய கடிதத்தில் கண்டுபிடித்தாராம்.

"ஹானா. அவர் பெயர் ஹானா. பசித்திருந்த படைக்குக் கோதுமை அனுப்பியதும் அவர்தான். நான் முன்பே தேடியிருக்க வேண்டும், மெலனி."

பிறகு எல்லோருக்கும் புத்தகங்களைக் கொடுத்தார்.

"'தளபதியின் மனைவி' என்ற இடத்துக்கு மேலே பெயரை எழுதுங்கள். பள்ளிக்கூடப் புத்தகம், கவனம். பென்சிலால் எழுதுங்கள்."

வகுப்பே பென்சிலைத் தேடியது. நான் பேனாவால் எழுதினேன்.